முள் நின்றால் சுத்தம்

காலையில் பெயிண்ட்காரர் என் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டறை வாசலில், பளார் என்று. அண்ணன் அறை வாங்கிப் பழக்கமில்லாதவன். கொடுத்துத்தான் பழக்கம். அதனால் வாங்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் அதை வெகுநேரம் கையில் வைத்திருக்க மாட்டான், யார் தலையிலாவது இறக்கிவிடுவான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யார் தலையில் என்பதும் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் தொழில் அழுக்குத் திரவத்தைச் சுத்தம் செய்வது. மருந்து செய்கிறவர்களும் மை அச்சடிக்கிறவர்களும் கழுவிக் கழித்துவிட்டதை டிரம் டிரம்மாக வாங்கி, பெரிய இரும்புக் கொதிகலத்தில் ஊற்றி, ஸ்டீம் விட்டுக் காய்ச்சுவோம். ஆவி டவருக்குள் ஏறும். டவர் என்றால் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிற ஒரு பெரிய குழாய். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஆவி ஒவ்வொரு தட்டிலும் குளிர்ந்து, மறுபடி கொதித்து, மேலே போகப் போகச் சுத்தமாகும். உச்சியில் அதைக் குளிரவைத்துப் பிடித்தால், பெயிண்டில் கலக்கிற அசிட்டோன். புதுச் சரக்கைவிட மலிவு என்பதால் வாங்குவதற்கு ஆள் உண்டு.

அண்ணன் முதலாளி. டவரை ஓட்டுவது என் வீட்டுக்காரர். முதலாளியின் தங்கை புருஷன் என்பதால் பட்டறை முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். மெக்கானிக்கின் பெயர் மொட்டை. தலை நிறைய முடி வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. சோதனை மேஜை என்னுடையது. நான் வேதியியல் படித்தவள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்வான். பட்டறைக்குள் வரும்போது மட்டும் அந்தப் படிப்பைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வான்.

பெயிண்ட்காரர் வெறும் கையோடு வரவில்லை. நாங்கள் கொடுத்த டிரம் ஒன்றையும், பெயிண்டை இறுக வைக்கிற ஹார்ட்னர் டப்பா ஒன்றையும் வண்டியில் கொண்டுவந்திருந்தார்.

"உங்க அசிட்டோனை ஊத்தி அடிச்ச பெயிண்ட் காயவே இல்ல. அலமாரி அத்தனையும் தொட்டா விரல்ல ஒட்டுது. தூசி அப்பிக் கெடக்கு."

அண்ணன் சிரித்தான். "நம்ம சரக்குல தப்பு வராதுங்க. மழைக்காலம், ஈரமா இருந்திருக்கும்."

அவர் ஒரு கண்ணாடி கிளாஸில் அந்த டிரம்மின் அசிட்டோனைக் கொஞ்சம் ஊற்றி, ஹார்ட்னரையும் விட்டுக் கலக்கி, அண்ணன் கையில் கொடுத்தார். "புடிங்க." அண்ணன் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் கிளாஸைக் கை மாற்றினான். பிறகு மறுபடி மாற்றினான்.

"சுடுதா? சுத்தமான அசிட்டோன்னா சுடாது. உள்ள மெத்தனால் இருக்கு. அது என் ஹார்ட்னரைத் தின்னுடுது."

"மெத்தனாலா? முள் நின்ன பிறகு புடிச்ச சரக்குங்க இது. நீங்கதான் எதையாவது..."

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அங்கேதான் அறை விழுந்தது.

"சாயங்காலம் வருவேன்," என்றார் பெயிண்ட்காரர். "கலந்தவன் யாருன்னு காட்டு. இல்லேன்னா நீதான்னு போற இடமெல்லாம் சொல்லுவேன்." டிரம்மையும் டப்பாவையும் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் சொன்ன அந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் அவனுக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான். டவர் உச்சியில் சூடு காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. கலவை கொதிக்கும்போது அதன் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். சுத்தமான ஒன்று வர ஆரம்பித்தால் முள் ஒரே இடத்தில் நிற்கும். முள் நின்றால் சுத்தம். இதை வைத்தே அவன் ஒற்றை ஆளாக இந்தப் பட்டறையைக் கட்டினான், என்னைப் படிக்க வைத்தான், கட்டிக்கொடுத்தான். அந்த விதி அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை.

இந்த வருடம்தான் புதிதாக ஒரு மருந்துக் கம்பெனியின் கழிவு வந்தது. அசிட்டோனும் மெத்தனாலும் கலந்த கழிவு. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு கூத்து நடக்கும். சாதாரணமாக ஒரு கலவையைக் காய்ச்சினால், சீக்கிரம் ஆவியாகிறது ஆவியில் அதிகமாக இருக்கும், மற்றது திரவத்திலேயே தங்கும். அந்த வித்தியாசம் இருப்பதால்தான் டவர் வேலை செய்கிறது. ஆனால் இந்த இரண்டும் ஓர் அளவு பிரிந்த பிறகு, ஏறுகிற ஆவியிலும் கிடக்கிற திரவத்திலும் ஒரே பங்கில்தான் இருக்கும். பிறகு எத்தனை மாடி டவர் கட்டினாலும் பிரியாது. ஒரே திரவம்போல ஒரே சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அதாவது, முள் நின்றுவிடும்.

கல்லூரியில் கடைசி வருடம் முழுக்க நான் செய்தது இதைத்தான். மெத்தனால் மாதிரி ஆல்கஹால் ஒன்று, அசிட்டோன் மாதிரி கீட்டோன் ஒன்று. கலந்து குடுவையில் காய்ச்சி, ஆவியில் எவ்வளவு, திரவத்தில் எவ்வளவு என்று அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "என் தங்கச்சி காலேஜ்ல சாராயம் காய்ச்சறா" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்தக் கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, இனிப் பிரியாது என்கிற புள்ளி எனக்குக் கனவில்கூட வரும்.

சுத்தமான அசிட்டோன் ஐம்பத்தாறில் கொதிக்கும். இந்தக் கலவை அதைவிட அரை டிகிரி குறைவாக. "முள் அரை டிகிரி கீழ நிக்குதுண்ணா," என்று முதல் நாளே சொன்னேன். "மீட்டர் பழசு," என்றான். திரவத்தின் கனம் காட்டுகிற மிதவையைப் போட்டுப் பார்த்தான். அசிட்டோனுக்கும் மெத்தனாலுக்கும் கனம் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் மிதவையும் அவன் பக்கமே பேசியது. என் வீட்டுக்காரர் ஒருநாள் மெல்ல, "மச்சான், டவர் மேல கொஞ்சம் தண்ணி விட்டா பிரிஞ்சிடும்ங்கறா," என்று என் பேச்சை எடுத்துச் சொன்னார். அதற்கு அவருக்கு அறை கிடைத்தது.

ஏனென்றால் எங்கள் பட்டறையில் தண்ணீர் என்பது கெட்ட வார்த்தை. எவனோ ஒருத்தன் எப்போதோ சரக்கில் தண்ணீரைக் கலந்து விற்றுப் பிடிபட்டிருக்கிறான். அவனை அண்ணன் அடித்த அடியில் அவனுக்கு ஒரு காது போயிற்று. அன்றிலிருந்து டவர் இருக்கிற கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு. தீப்பிடித்தால்கூட மணல் வாளிதான். குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டுமானால் வாசலுக்கு வந்து குடித்துவிட்டுப் போக வேண்டும்.

பெயிண்ட்காரரின் வண்டி போனதும் அண்ணன் திரும்பினான்.

"டிரம்முல புடிச்சது யாரு?"

"நான்தான் மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"முள் நின்ன பிறகுதானே புடிச்சே?"

"ஆமா."

"அப்ப மெத்தனால் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ரெண்டும் சேர்ந்தேதான் வருது மச்சான். பிரியலை."

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது வயிற்றில். அவர் மடங்கிக் கீழே விழுந்ததும் காலால் உதைத்தான். விலாவில் உதைத்த சத்தம் எனக்குக் கேட்டது. "நல்ல சரக்கை வெளியில வித்துட்டு மெத்தனாலை ஊத்தி ரொப்பிட்டியாடா? என் சோத்தைத் தின்னுட்டு எனக்கேவா?" நான் நடுவில் விழுந்து தடுத்தேன். என்னைப் பிடித்துத் தள்ளினான். டிரம் விளிம்பில் மோதி என் புருவம் கிழிந்தது. ஒரு கண் முழுக்க ரத்தம். மற்ற கண்ணால் பார்த்தபோது, என் வீட்டுக்காரரைச் சட்டைக் காலரைப் பிடித்து மொட்டையின் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

கொட்டகை மேஜையில் ஒரு வைஸ் பொருத்தியிருக்கும். இரும்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு தாடை, இறுக்குவதற்கு ஒரு கைப்பிடி. மொட்டை குழாய்களை அதில் இறுக்கி நிறுத்திவிட்டு அறுப்பான்.

"திற," என்றான் அண்ணன்.

"வேணாம் முதலாளி," என்றான் மொட்டை. அவனுக்கும் ஒன்று விழுந்தது. திறந்தான்.

அண்ணன் என் வீட்டுக்காரரின் வலது கையைத் தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினான். அவர் திமிறவே இல்லை. மச்சான் அவ்வளவு தூரம் போக மாட்டார் என்று நம்பினார். அந்த நம்பிக்கைமீது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. விரல் நுனிகள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தன.

"ஒத்துக்கோ. சாயங்காலம் அவன் வரப்போ அவன் முன்னாடி ஒத்துக்கோ. கையை விடறேன்."

"செய்யாததை எப்படி ஒத்துக்கறது?" என்றார். வாயில் ரத்தம் இருந்ததால் பேச்சு குழறியது. என் புருஷன் வாயில்லாப் பூச்சி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அவர் ஒத்துக்கொண்டிருந்தால் நானே சந்தோஷப்பட்டிருப்பேன். ஒத்துக்கொள்ளவில்லை.

கைப்பிடி இன்னும் கொஞ்சம் சுற்றியது. அவர் போட்ட சத்தத்தில், ஸ்டீம் போடுகிற பாய்லர்க்காரர் கரி வாரியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"அண்ணா, தண்ணிக் குழாய்ச் சாவியைக் குடு," என்றேன். "அதே கழிவுலேர்ந்து சுத்தமான அசிட்டோனை இறக்கிக் காட்டறேன். சாயங்காலத்துக்குள்ள. யாரும் எதையும் கலக்கலைன்னு உனக்கே தெரியும்."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "தண்ணிய ஊத்திச் சுத்தம் பண்ணப் போறியா?"

"ஆமா. மெத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர். தண்ணியைக் கண்டா அசிட்டோனை விட்டுட்டு தண்ணி கூடவே கீழ இறங்கிடும். அசிட்டோன் மட்டும் மேல வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா பக்கத்துல என் கையையும் வை."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி. அதுவும் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எறிந்தான். ஒரு காலி டிரம்மை இழுத்து வைஸுக்குப் பக்கத்தில் போட்டு, கைப்பிடிமேல் கையை வைத்து உட்கார்ந்துகொண்டான்.

அதன்பிறகு நான் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை. ஸ்டீமை நிறுத்தினோம். டவரின் உச்சிக்குச் சற்றுக் கீழே, யாரும் உபயோகிக்காத ஒரு வாய் தகடு போட்டு மூடிக் கிடந்தது. மொட்டை ஏணியில் ஏறினான். நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டவர் பக்கம் இரும்புக் கருவி கூடாது, பொறி பறந்தால் எல்லோரும் மேலே போய்விடுவோம். பித்தளை ஸ்பானரால்தான் திருக வேண்டும். பித்தளை வழுக்கியது. அவன் கைமுட்டி இரண்டும் தோலுரிந்து ரத்தம் சொட்டியது. சொட்டச் சொட்டத் திருகினான். "அக்கா, வருது," என்றான். பிறகு, "வரலைக்கா," என்றான். கொட்டகையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஸ்பானர்மேல் காலை வைத்து ஏறி மிதித்தான். நட்டு உடைந்தே போயிற்று. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பாய்லருக்கு மருந்து ஊற்றும் சின்ன பம்பை அந்த வாயில் இணைத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். எத்தனையோ வருடமாகப் பூட்டிக் கிடந்த குழாய், முதலில் செங்கல் நிறத்தில் கக்கியது. தெளிகிறவரை விட்டேன். பிறகு பாய்லர்க்காரர் ஸ்டீமைக் கொடுத்தார்.

அவசரத்தில் முதலில் தண்ணீரை அள்ளி விட்டுவிட்டேன். ஏறுகிற ஆவிக்கும் இறங்குகிற தண்ணீருக்கும் தட்டுகளில் இடமில்லாமல் டவர் மூச்சு முட்டி உறுமியது. அடி முதல் நுனி வரை ஆடியது. மேலிருந்து மூட்டு ஒன்று கசிந்து கொதிக்கிற திரவம் மொட்டையின் தோளில் தெறித்தது. அவன் ஏணியில் தொங்கிக்கொண்டே ஊளையிட்டான். வால்வைப் பாதி அடைத்தேன். தண்ணீரைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். உறுமல் அடங்கியது. கொட்டகையில் அண்ணன், "என்ன, ஆச்சா?" என்று கத்தினான். கூடவே என் வீட்டுக்காரரின் குரல் உயர்ந்தது. பொழுது போகாமல் கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றியிருக்கிறான். எனக்கு அவனை அங்கேயே கொன்றுபோட வேண்டும்போல இருந்தது. கை மட்டும் வால்வைவிட்டு நகரவில்லை.

முள் ஐம்பத்தைந்தரையில் நின்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடியது. ஏறியது. ஐம்பத்தாறில் போய் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான முள்ளை நான் பார்த்ததில்லை.

மேலே வந்ததைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஜாடியில் ஊற்றி வடித்து எடுத்துக்கொண்டு, ஓடாமல் நடந்தேன். ஓடினால் சிந்தும். ஒரு கிளாஸில் காலையில் வந்த டிரம்மின் சரக்கு, ஒரு கிளாஸில் இது. இரண்டிலும் பெயிண்ட்காரரின் ஹார்ட்னர். இரண்டையும் அண்ணனின் இரண்டு கையிலும் கொடுத்தேன். அதற்காக அவன் கைப்பிடியை விட வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தார். டிரம் சரக்கைப் பிடித்திருந்த அண்ணனின் இடது கை விரல்கள் நெளிய ஆரம்பித்தன. அந்த கிளாஸை மேஜையில் வைத்தான். வலது கையில் இருந்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். காலையில் அறை விழுந்த அதே கன்னம்.

"குளுகுளுன்னு இருக்கு," என்றான்.

"அதே கழிவுதான். அதே டவர்தான். முள் நின்னாலும் கலவையா இருக்கும்ணா. இது ஒண்ணு அப்படி. இவர் எதையும் எடுக்கலை, எதையும் ஊத்தலை."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் அண்ணன் முரடனே தவிர மண்டு இல்லை. எத்தனை டிரம் அப்படிப் போயிருக்கும், எத்தனை பேரிடம் முள் நின்ற சரக்கு என்று மார்தட்டியிருப்பான் என்பதெல்லாம் அவன் கண்ணில் ஓடியது. எழுந்து கைப்பிடியைப் பிடித்துத் தளர்த்த ஆரம்பித்தான். கொஞ்சம் தளர்ந்ததும் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "மாப்ளே," என்றான் அண்ணன். வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

பெயிண்ட்காரர் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். வைஸைப் பார்த்தார். என் புருவத்தைப் பார்த்தார். ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை.

"என்ன, கலந்தவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

கலந்தவன் யாருமில்லை, தொழில் தெரியாதவன் நான்தான். இதை அண்ணன் சொன்னால் போதும். அண்ணன் என்னைப் பார்த்தான். பாய்லர்க்காரரைப் பார்த்தான். மொட்டையைப் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சுது," என்றான். "இவன்தான். கட்டிக்குடுத்த பாவத்துக்குக் கூட வச்சிருந்தேன். திருடன். இவன் கை இனிமே எதையும் கலக்காது."

கைப்பிடியை முழு பலத்தோடு சுற்றினான்.

எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரிதாக இல்லை. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, அடுத்தடுத்து. என் வீட்டுக்காரர் கத்தக்கூட இல்லை. கால்கள் தொய்ந்து, மாட்டிய கையிலேயே தொங்கினார். பெயிண்ட்காரர், "ஐயோ, போதும்ங்க, போதும்," என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். தெரியாமல் செய்திருந்தாலாவது என்றைக்காவது மன்னித்திருப்பேனோ என்னவோ. தெரிந்தே செய்தான்.

மேஜைமேல் மொட்டையின் பைப் ரெஞ்சு கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். முழங்காலில் அடித்தேன். அண்ணன் ஒரு பக்கமாகச் சரிந்து, ஆச்சரியத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி அதே முழங்காலில் அடித்தேன். இந்த முறை கால் பின்பக்கமாக மடங்கியது. விழுந்தவனை இன்னும் அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. "அக்கா, செத்துருவார்க்கா," என்று மொட்டை பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டான். யாரோ வைஸைத் திறந்தார்கள். பாய்லர்க்காரர் என் வீட்டுக்காரரைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வண்டி என்று இருந்தது பெயிண்ட்காரருடையது ஒன்றுதான். அதனால் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் மாப்பிள்ளையும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு முனகினார்கள். பெயிண்ட்காரர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இதுல சம்பந்தமே இல்லம்மா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான் கொடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண், என் வயதிருக்கும். முதலில் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் திரும்பியிருந்தன.

"எப்படி ஆச்சு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"உங்களுக்கு?"

"படியில வழுக்கி விழுந்துட்டேன்," என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசி வைத்துக்கொள்ளத் தேவையும் இல்லை. எங்கள் வீட்டில் யார் யாரை அடித்தாலும் பூசி மெழுகுவது எல்லோருக்கும் பிறவியிலேயே வரும். நாளைக்கு இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை திருடினான், மச்சான் கண்டித்தான், பிறகு மன்னித்துவிட்டான் என்று கதை முடிந்துவிடும். என் புருஷன் சாகிறவரை, ஒரு கையோடு, மன்னிக்கப்பட்ட திருடனாக இருப்பார்.

"டாக்டர்," என்றேன். "ரெண்டு பேர் சொல்றதும் பொய். இவர் கையை வைஸ்ல வச்சு நசுக்கினது என் அண்ணன். என் அண்ணன் காலை ரெஞ்சால உடைச்சது நான்."

"பாப்பா," என்றான் அண்ணன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "வாயை மூடு. நீ உள்ள போயிடுவேடி."

"போறேன்."

என் வீட்டுக்காரர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் விடு. அண்ணன்தானே."

நான் அந்தக் கையை மெல்ல விலக்கிக் கட்டிலில் வைத்தேன். டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எழுதினா போலீஸுக்குச் சொல்லியாகணும். தெரியும்ல?"

"தெரியும். எழுதுங்க. இன்னொண்ணும் எழுதுங்க. இவர் எதையும் திருடலை."

"அதெல்லாம் ஆஸ்பத்திரி சீட்டுல எழுத முடியாதுங்க."

"அப்ப போலீஸை சீக்கிரம் கூப்பிடுங்க," என்றேன். "அவங்ககிட்டயாவது சொல்றேன்."